தீ அணைந்த பின் தொடங்கும் ஆபத்து
புத்தளத்தின் குடிநீரைக் காப்பது எவ்வாறு?

காட்டுத் தீ பற்றிய செய்திகள் வெளிவரும்போது எரிந்த நிலத்தின் பரப்பு கணக்கிடப்படுகின்றது. மடிந்த விலங்குகளும் அழிந்த வீடுகளும் கணக்கில் வருகின்றன. ஆனால் அத்தீயினால் பாதிக்கப்படும் குடிநீர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. தீ அணைந்து, புகை அடங்கி, மக்கள் வீடு திரும்பிய பின்னரே இந்த இரண்டாவது அனர்த்தம் ஆரம்பமாகின்றது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும், நாம் இதுகாலவரை நம்பியிருக்கும் "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்ற அறிவுரை அதற்கு எப்போதும் பொருந்துவதில்லை என்பதும் கவனத்திற்குரியன.

புத்தளம் மாவட்டத்தின் கரையோர மக்கள் இவ்விடயத்தை ஏனையோரைவிடக் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியவர்கள். உலர்வலயக் காடுகள் ஒருபுறமும் உவர்நீர்க் களப்பும் கடலும் மறுபுறமுமாக அமைந்த இப்பிரதேசத்தில் நல்ல தண்ணீர் என்றுமே தாராளமாக இருந்ததில்லை. இருக்கும் நீரும் மாசடையுமானால் மாற்று வழிகள் மிகச் சிலவே.

மூன்று நீர்மூலங்கள்

புத்தளம் கரையோரத்தின் குடிநீரைப் புரிந்துகொள்ள அதன் மூன்று மூலங்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவது கலா ஓயா. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவிக்கு நீர் வழங்கும் இந்த ஆறு, இராஜாங்கனை நீர்த்தேக்கத்தைக் கடந்து, வில்பத்து தேசிய வனத்தின் தெற்கு எல்லையை ஒட்டி ஓடி, கங்கேவாடிப் பகுதியின் கண்டல் காடுகளினூடாகப் புத்தளம் களப்பைச் சேருகின்றது. புத்தளம், சிலாபம், மன்னார், வவுனியா ஆகிய நான்கு நகரங்களுக்குமென ஆசிய அபிவிருத்தி வங்கி 2008ஆம் ஆண்டில் அங்கீகரித்த உலர்வலய நகர நீர் வழங்கல் திட்டத்தில், புத்தளத்துக்கான நீர்மூலமாகத் தெரிவானது கலா ஓயாவே. வேறுவிதமாகச் சொல்வதானால், புத்தளம் நகரின் குழாய்நீருக்கும் வில்பத்துவைச் சூழ்ந்த காடுகளின் நலனுக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டு.

இரண்டாவது, வண்ணாத்திவில்லுப் பகுதியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை நீளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் படை. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த இக்கற்படையில் நீர் விரைவாக உட்புகும், விரைவாக நகரும். மண் படைகளில் நிகழ்வது போன்ற இயற்கையான வடிகட்டல் இங்கு குறைவாகும்.

மூன்றாவது, கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்படை நீர். மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிடச் சிறிது குறைவு என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. இதன் மறுபக்கமே அச்சத்துக்குரியது. மேல்மட்டம் ஓர் அடி குறைந்தால் அடியிலிருக்கும் உவர்நீர் நாற்பது அடி வரை மேலேற இடமுண்டு.

இம்மூன்றையும் தீ வெவ்வேறு விதமாகப் பாதிக்கக் கூடியது.

சாம்பலும் முதல் மழையும்

எமது காடுகளில் இடி மின்னலால் தீ மூள்வது அரிது. வேட்டைக்காகப் புல்லுக்கு வைக்கப்படும் தீ, சேனைப் பயிர்ச்செய்கைக்காக மூட்டப்படும் தீ, தேன் எடுப்போரின் கவனயீனம், எறியப்படும் சிகரெட் துண்டு ஆகிய மனிதச் செயல்களே பெரும்பாலும் காரணமாகின்றன. தென்மேல் பருவக்காற்று மழையைத் தராமல் வரண்ட காற்றாக மட்டும் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம் இதற்கு மிகவும் ஏதுவானது.

தீயினால் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. மழைத்துளியின் வேகத்தைத் தாங்கும் இலைக்கூரையும் சருகுப் படையும் மறைந்துபோகின்றன. மண்ணின் மேற்பரப்பில் மெழுகு போன்றதொரு படலம் உருவாகி, நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகின்றது. காரத்தன்மையும் போசணைப் பொருட்களும் உலோகக் கூறுகளும் கொண்ட சாம்பல், அடித்துச் செல்லப்படுவதற்குத் தயாராக நிலத்தில் கிடக்கின்றது. முதற் பெருமழை இவை அனைத்தையும் ஆற்றில் சேர்த்துவிடும்.

ஆற்றுநீர் கலங்குவது வெறும் நிறப்பிரச்சினை அன்று. கலங்கிய நீரில் நுண்துகள்களின் மறைவில் கிருமிகள் ஒளிந்துகொள்வதால் குளோரீன் தனது வேலையைச் செய்ய முடிவதில்லை. எரிந்த தாவரங்களிலிருந்து வரும் சேதனப் பொருட்களோடு குளோரீன் சேரும்போது, நீண்டகாலத்தில் உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய புதிய சேர்வைகள் உருவாகின்றன. எனவே கலங்கிய நீருக்குக் குளோரீனை அதிகரிப்பது மட்டும் தீர்வாகாது. முதலில் கலங்கலை அகற்ற வேண்டும்.

அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவின் அனுபவம் இதற்குச் சான்று. 2003 ஜனவரியில் அந்நகரைத் தாக்கிய காட்டுத் தீயில் நால்வர் உயிரிழந்தனர். சுமார் 500 வீடுகள் அழிந்தன. நகருக்கு நீர் வழங்கிய கொட்டர் ஆற்றின் நீரேந்துப் பிரதேசமும் எரிந்தது. காடே வடிகட்டியாக இருந்ததால் அதுவரை அந்நீருக்குப் பெரிய அளவிலான சுத்திகரிப்புத் தேவைப்படவில்லை. தீயின் பின் பெய்த மழை சாம்பலையும் மண்ணையும் நீர்த்தேக்கங்களில் சேர்த்தபோது அந்நீர் பயன்படுத்த முடியாததாயிற்று. இறுதியில் மவுண்ட் ஸ்ட்ரொம்லோ என்னுமிடத்தில் புதிய சுத்திகரிப்பு நிலையமொன்றை அவசரமாக அமைக்க வேண்டியதாயிற்று. காடு இலவசமாகச் செய்துவந்த வேலைக்குப் பெருந்தொகைப் பணம் செலவிட நேர்ந்தது.

கன்பராவின் மலைச்சரிவுகளோடு ஒப்பிடுகையில் கலா ஓயாவின் கீழ்ப்பகுதி சமதரை என்பதால் மண்ணரிப்பு அந்த அளவுக்கு இராது என்பது உண்மையே. மேல்நிலத்திலிருந்து வரும் மண்ணின் ஒரு பகுதியை இராஜாங்கனை போன்ற நீர்த்தேக்கங்களும் தடுத்துக்கொள்ளும். எனினும் அந்நீர்த்தேக்கத்துக்குக் கீழே எரியும் காட்டின் சாம்பலுக்கு அவ்வாறான தடுப்பு ஏதும் இல்லை. அதைவிட முக்கியமானது காலக்கணக்கு. எமது தீக்காலம் செப்டெம்பரில் முடிகின்றது. இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்குகின்றது. தீக்கும் முதல் மழைக்கும் இடையில் கிடைப்பது சில வாரங்களே. அதற்குப் பின் திட்டமிடுவதற்கு நேரமிராது.

குழாய்க்குள் புகும் நஞ்சு

ஆற்றைவிட ஆபத்தானதொரு விடயத்தை அண்மைக்கால ஆய்வுகள் வெளிக்கொணர்ந்துள்ளன. ஆறு தூய்மையாக இருந்தாலும் நகரின் குழாய்களே நஞ்சாகிவிடலாம் என்பதே அது.

2017 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகரில் வீடுகள் எரிந்த பின்னர், குழாய்நீரில் விசித்திரமான மணம் வீசுவதாக முறைப்பாடு எழுந்தது. பரிசோதித்தபோது புற்றுநோயை விளைவிக்கும் பென்சீன் அதில் காணப்பட்டது. ஒரு மாதிரியில் அதன் அளவு லீற்றருக்கு 40,000 மைக்ரோகிராம். ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 5 மைக்ரோகிராம் மாத்திரமே. 2018 நவம்பரில் பரடைஸ் என்ற சிறு நகரம் எரிந்து 85 பேர் பலியானபோதும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. 2023 ஓகஸ்டில் ஹவாய் தீவுகளின் லஹைனா நகரிலும், 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸின் சில பகுதிகளிலும் தீயின் பின்னர் குழாய்நீரை அருந்த வேண்டாமென அதிகாரிகள் அறிவித்தனர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? வீடுகள் எரியும்போது குழாய்கள் உடைந்து நீர் வெளியேறுகின்றது. தீயணைப்புக்கும் பெருமளவு நீர் எடுக்கப்படுகின்றது. மின்சாரம் தடைப்பட்டு நீரேற்று இயந்திரங்கள் நிற்கின்றன. குழாய்களின் அமுக்கம் இழக்கப்படும்போது, வெளியே இருக்கும் நச்சுப்புகையும் கரியும் உடைந்த இணைப்புகளினூடாக உள்ளே உறிஞ்சப்படுகின்றன. அத்தோடு பிளாஸ்டிக் குழாய்களும் நீர்மானிகளும் வெப்பத்தில் சிதையும்போது அவற்றிலிருந்தே பென்சீன் போன்ற ஆவியாகும் இரசாயனங்கள் வெளிவருகின்றன. மீண்டும் நீர் திறந்துவிடப்படும்போது இவை எரியாத வீதிகளுக்கும் பரவுகின்றன. பிளாஸ்டிக் குழாய்ச் சுவர் இவ்விரசாயனங்களை ஈர்த்து வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நீருக்குள் விடுகின்றது. இன்று பரிசோதித்துத் தூய்மையெனக் கண்ட நீர் சில நாட்களின் பின் மாசடைந்து காணப்படுவதன் காரணம் இதுவே.

எமது நாட்டிலும் வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களே. கூரைகளின் மேலிருக்கும் நீர்த்தாங்கிகளும் பிளாஸ்டிக்கே. ஓலை வேலிகளும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ள கரையோரக் கிராமங்களில் கோடைக் காற்றில் ஒரு வீட்டுத் தீ பல வீடுகளுக்குத் தாவக் கூடியது. காடு எரிந்தால்தான் இந்த ஆபத்து என்று கருத வேண்டியதில்லை.

இங்குதான் கொதிக்க வைக்கும் அறிவுரை தவறாகிப் போகின்றது. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். பென்சீனை அது நீரிலிருந்து காற்றுக்கு மாற்றும். சமையலறையில் நிற்கும் தாயும் பிள்ளைகளும் அதைச் சுவாசிப்பர். நைத்திரேற்று போன்ற உப்புக்களைப் பொறுத்தவரை, நீர் ஆவியாக, எஞ்சும் நீரில் அவற்றின் செறிவு கூடும். குளோரீன் வில்லைகளும் இரசாயனங்களை அகற்றுவதில்லை. ஊர்தோறும் இயங்கும் நீர் வடிகட்டும் நிலையங்களையும் இவ்விடயத்தில் கண்மூடி நம்ப இயலாது. உப்பையும் கடினத்தன்மையையும் நீக்கவென அமைக்கப்பட்ட அவை, ஆவியாகும் இரசாயனங்களை முழுமையாகத் தடுக்குமா என்பது பரிசோதனையின் பின்னரே சொல்லப்பட வேண்டியது.

கிணற்றை இறைப்பதிலும் நிதானம் வேண்டும்

கற்பிட்டிக் குடாநாட்டின் நிலை வேறு. இங்கு ஏற்கனவே நிலத்தடிநீர் நெருக்கடியில் உள்ளது. மணற்பாங்கான நிலத்தில் இடைவிடாது செய்யப்படும் மரக்கறிச் செய்கைக்காக இடப்படும் பசளை, நைத்திரேற்றாக நீரில் இறங்குவதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சுட்டிக்காட்டி வந்துள்ளன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவைத் தாண்டிய கிணறுகள் பல இனங்காணப்பட்டன. புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழப்பது இதனால் வரும் உடனடி ஆபத்தாகும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் அடைக்கலம் தேடியதும் இந்த மண்ணிலேயே. தாமே தண்ணீருக்குத் திண்டாடிய புத்தளத்து மக்கள் தமது கிணறுகளை அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். அப்பகிர்வின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் கிணறுகளின் மீது விழுந்த சுமையும் உண்மையானது. உலக வங்கியின் உதவியோடு 2007இல் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் குடிநீரும் மலசலகூட வசதிகளும் சேர்க்கப்பட்டமை இத்தேவையை உணர்ந்தமையாலேயே.

இவ்வாறான நிலத்தில் தீயின் பின் சாம்பல் விழுந்த கிணற்றை என்ன செய்வது? முழுவதையும் இறைத்துக் கொட்டிவிடுவதே எமது வழமை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் இதுவே செய்யப்பட்டது. உவர்ந்த கிணறுகளை மீண்டும் மீண்டும் இயந்திரம் வைத்து இறைத்தபோது, மெல்லிய நன்னீர்ப் படை குலைந்து அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்தது. இறைத்த நீரைக் கிணற்றருகிலேயே கொட்டியதால் அதுவும் மறுபடி உள்ளே இறங்கியது. பின்னர் நீரியல் வல்லுநர்கள் அதிகம் இறைப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. கிணறுகளை உண்மையில் தேற்றியது அடுத்தடுத்த பருவமழையே.

கற்பிட்டிக்கும் இப்பாடம் பொருந்தும். மிதக்கும் சாம்பலையும் குப்பையையும் வாரி அகற்றி, மெதுவாக, அளவோடு இறைத்து, அந்நீரைத் தூரமாக வடியவிட்டு, கிருமிநீக்கம் செய்து, பரிசோதனையின் பின் பயன்படுத்துவதே உகந்தது. ஒரே வளவில் பத்து இயந்திரங்களை ஒன்றாக ஓடவிடுவது நோயைவிடக் கொடிய மருந்தாகிவிடும்.

சுண்ணாம்புக்கற் பகுதிக்கும் ஒரு வார்த்தை. மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து 32 பேர் பலியான பின்னர், கொழும்பின் குப்பைக்கான இடமாகப் புத்தளத்தின் அருவக்காலு முன்னிறுத்தப்பட்டபோது, இம்மாவட்ட மக்கள் இனபேதமின்றி வீதியில் இறங்கிப் போராடினர். அந்த அச்சத்தின் அடித்தளம் இந்தக் கற்படையே. குப்பை எரியும்போது உண்டாகும் எச்சங்கள் மரச்சாம்பலைவிடப் பன்மடங்கு நச்சுத்தன்மை வாய்ந்தவை. தீயை அணைக்க ஊற்றப்படும் நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளினூடே கீழிறங்கக் கூடியது. எனவே பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் வளவின் மூலையில் குவித்து எரிக்கும் எமது பழக்கமும் கிணற்றுக்கு அருகே நிகழும் ஒரு சிறு அனர்த்தமே.

செய்ய வேண்டியவை

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, உள்ளூராட்சி சபைகள், வன பரிபாலனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் என இவ்விடயத்தோடு தொடர்புடைய தரப்புகள் பல. ஒவ்வொரு தரப்பும் தனது எல்லைக்குள் கடமையைச் செய்தாலும், காட்டில் எரியும் தீயைப் பற்றி நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு யார் அறிவிப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வேண்டும். அந்த ஒரு தொலைபேசி அழைப்பே முதற் பாதுகாப்பு.

இரண்டாவதாக, கலா ஓயாவின் நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே சாம்பல் கலந்த வெள்ளம் வருமாயின், சில மணி நேரமோ சில நாட்களோ நீர் எடுப்பதை நிறுத்திவைக்கும் வல்லமை வேண்டும். அதற்குப் போதிய சேமிப்புத் தாங்கிகளும், மாற்றாகப் பயன்படுத்தத்தக்க குழாய்க்கிணறுகளும், பவுசர் வண்டிகளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒரு நகரத்தை ஒரே ஆற்றில் தொங்கவிடுவது விவேகமன்று.

மூன்றாவதாக, எரிந்த வீதியின் குழாய்களை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்துத் தனிமைப்படுத்தக்கூடிய அடைப்பிதழ்கள் எங்குள்ளன என்பது வரைபடத்திலும் களத்திலும் தெரிந்திருக்க வேண்டும். மீண்டும் நீரைத் திறக்குமுன் குழாய்களைக் கழுவி வெளியேற்றி, நீரைச் சில நாட்கள் குழாயில் தேங்கவிட்டு, அதன் பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். ஓடும் நீரில் எடுத்த மாதிரி பொய்யான நிம்மதியையே தரும். கிருமிகளுக்கான சோதனையோடு ஆவியாகும் இரசாயனங்களுக்கான சோதனையும் அவசியம். அம்மாதிரிகளை எங்கு அனுப்புவது, முடிவு எத்தனை நாளில் வரும் என்பன தீ வருமுன் தீர்மானிக்கப்பட வேண்டியவை.

நான்காவதாக, ஒக்டோபர் மழைக்கு முன் எரிந்த நிலத்தைப் பாதுகாப்பது. சரிவுகளுக்குக் குறுக்கே மரக்குற்றிகளைக் கிடத்துதல், வைக்கோலோ சருகோ பரப்புதல், ஆற்றங்கரையில் எஞ்சிய தாவரங்களை வெட்டாது விடுதல் ஆகியன செலவு குறைந்த வழிகள். கலா ஓயாவின் கரையோரக் காட்டைக் காப்பதும் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையில் ஒரு பகுதியே எனக் கருதப்பட வேண்டும்.

வீட்டாரும் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. அயலில் தீ பரவினால் வீட்டுக்கு வரும் பிரதான குழாயை மூடிவிடுங்கள். மழைநீர் சேகரிக்கும் பீலியைத் தாங்கியிலிருந்து கழற்றிவிடுங்கள். கூரையில் படிந்த சாம்பலைக் கழுவிய முதல் மழையை வெளியே விடுங்கள். கிணற்றை மூடி வையுங்கள். மண்ணெண்ணெய் போன்ற மணம் வந்தால் அந்நீரில் சமைக்கவோ சுடுநீராக்கிக் குளிக்கவோ வேண்டாம். மணம் இல்லை என்பதனால் மட்டும் நீர் தூயதென முடிவு செய்யவும் வேண்டாம்.

இம்மாவட்டத்தின் கரையோரத்தில் பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் மக்களுக்குச் செய்தி சேர்க்கும் மையங்களாகவும் விளங்குகின்றன. உடப்பின் தீமிதிப்பும் தலவில அன்னம்மாள் பெருவிழாவும் முன்னேஸ்வரத் திருவிழாவும் நடைபெறுவது வரட்சி உச்சத்திலிருக்கும் ஆடி, ஆவணிக் காலத்திலேயே. பெருந்திரளான யாத்திரிகர்கள் கூடும் அந்நாட்களில் குடிநீருக்கு வரும் ஆபத்து பன்மடங்காகும். பள்ளிவாசல்களின் வுழூத் தடாகங்களும் அதே கிணறுகளையும் குழாய்களையும் நம்பியவை. நீரை விரயம் செய்யலாகாது என்ற போதனையை வாழ்வாகக் கொண்ட சமூகம், நீரை மாசுபடுத்தலாகாது என்பதையும் அதே கண்டிப்போடு கைக்கொள்வது பொருத்தமானது. ஒலிபெருக்கியில் ஐந்து நிமிட அறிவித்தல், குத்பாவில் ஒரு பகுதி, பூசையின் பின் ஒரு வேண்டுகோள் என்பன எந்தச் சுவரொட்டியையும்விடப் பயன் தரும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம், அனர்த்தத்தின் பின் முதலில் தட்டுப்படுவது குடிநீரே என்பதை நாடெங்கும் உணர்த்திச் சென்றது. சுற்றிலும் தண்ணீர் நின்றபோது குடிப்பதற்கு ஒரு குவளை இல்லை. வெள்ளத்துக்கு முன்னறிவிப்பும் அதற்குப் பழகிய நிர்வாகமும் ஓரளவேனும் உண்டு. தீயின் பின்னான குடிநீருக்கு அவ்வாறானதொரு பழக்கம் எம்மிடம் இன்னும் ஏற்படவில்லை.

கலிபோர்னியாவும் கன்பராவும் இப்பாடத்தைக் கற்றது தமது நகரங்களை எரியக் கொடுத்த பின்னரே. பெருஞ்செல்வம் படைத்த அந்நாடுகள் பணத்தால் தவறைத் திருத்திக்கொண்டன. புத்தளத்தின் மணற்படை நீருக்கும் சுண்ணாம்புக்கற் படைக்கும் அத்தகைய மறுவாய்ப்பு எளிதில் கிடைக்கப்போவதில்லை. ஒரு வரைபடம், ஒரு தொலைபேசிப் பட்டியல், பரிசோதனைக்கான ஓர் ஏற்பாடு, ஒரு மாற்று நீர்மூலம் ஆகிய நான்கும் அடுத்த கோடைக்கு முன் ஆயத்தமாகுமானால் அதுவே நல்ல தொடக்கம். அவற்றை உரியவர்களிடம் கேட்டுப் பெறுவது, கரையோரத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவரதும் பொதுக் கடமையாகும்.